தடுப்பூசிப் பணியாளர் பயிற்சி
குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் செவிலியர்களுக்கும் குளிர்பதனப் பொறுப்பாளர்களுக்கும் அளிக்கப்படும் பயிற்சியும் பணியிட வழிகாட்டலும். வகுப்பறைப் பாடம் மட்டும் போதாது. மேற்பார்வையாளர் தடுப்பூசி முகாமுக்கே வந்து, குறை எழுதிவிட்டுப் போகாமல், செய்துகாட்ட வேண்டும்.

இப்படிச் செய்துகாட்ட வேண்டியதற்குக் குலுக்கல் சோதனை நல்ல எடுத்துக்காட்டு. உறைந்திருக்குமோ என்று சந்தேகிக்கப்படும் ஐந்நோய்த் தடுப்பூசிக் குப்பியையும், அதே தொகுப்பைச் சேர்ந்த, வேண்டுமென்றே உறையவைத்து உருகவிட்ட குப்பியையும் சேர்த்துக் குலுக்கி மேசையில் வைப்பார்கள். சந்தேகக் குப்பியில் வண்டல் அதே வேகத்திலோ இன்னும் விரைவாகவோ படிந்தால் அதைப் பயன்படுத்தக்கூடாது. குப்பிமேல் ஒட்டியுள்ள வெப்பங்காட்டி சூடுபட்டதை மட்டுமே காட்டும்; உறைந்ததைக் காட்டாது.

செய்துகாட்ட வேண்டிய இன்னொன்று தாயிடம் பேசுவது. ஊசி போட்டபின் அவரிடம் சொல்லவேண்டியவை நான்கு: எந்தத் தடுப்பூசி, என்ன பக்கவிளைவு, அடுத்து எப்போது வரவேண்டும், அட்டையைப் பத்திரமாக வைப்பது. கூட்டம் சேர்ந்துவிட்டால் முதலில் விடுபடக்கூடியதும் இந்தப் பேச்சுதான்.