காமன் கூத்து (சப்ரகமுவத் தோட்டங்கள்)

காமன் கூத்து, மலையகத் தமிழர் மாசி மாதத்தில் விரதமிருந்து ஆடும் சமயக் கூத்து. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலும் இது வழங்கிவருகிறது. அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றோடு இதையும் மலையகத்தின் முதன்மைக் கூத்துகளுள் வைத்து எண்ணுவர்.

தோற்றம்

தவத்திலிருந்த சிவன்மீது மலர்க்கணை தொடுத்த காமன் என்னும் மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்ததே கதை. தேவாரம் போற்றும் இந்நிகழ்ச்சியைக் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தில் காமதகனப் படலமாக விரித்துப் பாடினார். மயிலாடுதுறை அருகேயுள்ள திருக்குறுக்கை காமனை எரித்த தலமாக வணங்கப்படுகிறது. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆள்கட்டி அழைத்துவரப்பட்ட தமிழகக் கிராமத்தார் இக்கூத்தையும் உடன் கொண்டுவந்தனர். 1869இல் பரவிய இலைநோயால் கோப்பி அழிந்து, தேயிலையும் பின்னர் இறப்பரும் வந்தபோதும் கூத்து நிலைத்தது.

ஆடும் முறை

மாசி அமாவாசைக்குப் பின், மூன்றாம் பிறையையொட்டிக் காமன் ஊன்றப்படும். கரும்பும் ஆமணக்கும் சேர்த்து நட்டு, வைக்கோற்புரி சுற்றிய கம்பமே காமன். வேடமேற்போர் காப்புக் கட்டி விரதம் காப்பர். வாத்தியார் பாட்டெடுக்க, தப்பு முழங்கும். மரபாக, மன்மதனின் மனைவி ரதியின் வேடமும் ஆண்களுக்கே உரியது. இறுதி இரவில் ரதியும் மன்மதனும் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்கள்தோறும் ஆடிவருவர். வேண்டாமென்று ரதி தடுத்தும் மன்மதன் புறப்பட, தகனம் நிகழ்ந்து கம்பம் எரியும். ரதியின் ஒப்பாரியில் லயத்துப் பெண்களும் கண்கலங்குவர். பின்னர் மன்மதனை எழுப்பும் சடங்கும் உண்டு.

இதைப் போலவே, ஜெர்மனியின் ஓபராமர்காவ் ஊரார், 1633இல் செய்த நேர்த்திக்காக 1634 முதல் இயேசுவின் பாடுகளை ஆடிவருகின்றனர். அங்கும் ஊராரே நடிகர், ஆட்டமே வழிபாடு.

தேய்வும் தொடர்ச்சியும்

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. 1977, 1981 வன்முறைகளால் சப்ரகமுவத் தோட்டத்தார் பலர் இடம்பெயர்ந்தனர். குடும்பங்கள் சிதறியபோது ஆட்டக்காரரும் சிதறினர். எஞ்சியோர் கூத்தைக் கைவிடவில்லை.

அரசவையோ பெருங்கோயிலோ புரக்காத இக்கலையைக் காத்தவர்கள் நாட்கூலித் தொழிலாளர்கள். பாடல்களில் பெரும்பகுதி இன்றும் வாய்மொழியாகவே உள்ளது. மூத்த வாத்தியார்களின் பாட்டையும் ஆட்டத்தையும் தோட்டந்தோறும் பதிவுசெய்வது இனியும் தள்ளிப்போடக் கூடாத பணி.