மண்ணைத் தேடுற பூனை

"ராத்தா, இந்தப் பூனை திரும்பவும் முசல்லாவுல மூத்திரம் பெஞ்சிட்டு."

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் பூனை எடுத்து வளர்க்கிற ஊடுகள்ல இந்த வசனத்தைக் கேட்காதவங்க குறைவு. அதுக்குப் பிறகு நடக்கிறதும் தெரிஞ்ச கதைதான். உம்மா சத்தம் போடுவா. முசல்லாவைக் கழுவிக் காயப் போடுவாங்க. பூனைக்குக் "குணம் சரியில்ல" என்று தீர்ப்பு வரும். மூணாவது தரமும் நடந்தால் யாராவது ஒருத்தர் உரப்பையைத் தேடுவார். பூனை மீன் சந்தைப் பக்கம் போய்ச் சேரும்.

மூலையில வைத்த பெட்டியில போகத் தெரியாத பூனை கெட்ட பூனை என்பதுதான் இந்தத் தீர்ப்பின் அடிப்படை. ஆனால் அந்தப் பெட்டிக்கும் அதுக்குள்ள கொட்டுகிற 'லிட்டர்' என்ற மண்ணுக்கும் (பெற்றோல் அளக்கிற லீற்றர் இல்ல, இது வேற) ஒரு வரலாறு இருக்கு. கடையில விற்கிற லிட்டருக்கு வயசு எண்பது வருசம் அளவுதான். பூனை மண் தோண்டத் தொடங்கினதோ மனிசன் ஊடு கட்டுறதுக்கும் முந்தி.

வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆபிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் திரிந்த ஒரு காட்டுப் பூனை. வரண்ட நிலத்து மிருகம். தண்ணி குறைவாகக் கிடைக்கிற இடத்தில வாழ்ந்ததால அதன் சிறுநீரகம் மூத்திரத்தை நல்லாக் கெட்டியாக்கித்தான் வெளியே விடும். பூனை மூத்திரத்துக்கு அவ்வளவு நாற்றம் இருப்பதுக்கு அதுவும் ஒரு காரணம். இளகின மண்ணைக் கால் விரலால தோண்டிப் பார்த்து, போய், மூடிவிட்டு வருவது அதுக்கு யாரும் படிப்பிக்காத பழக்கம். கண் திறந்து சில கிழமையான குட்டிகூட மண்ணைக் கண்டால் தோண்டும். சைப்ரஸ் தீவில ஏறக்குறைய 9500 வருசத்துக்கு முந்திய ஒரு புதைகுழியில மனிசனுக்குப் பக்கத்தில பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. அவ்வளவு காலம் நம்மோட இருந்தும் இந்த ஒரு பழக்கத்தை அது மாற்றல்ல. தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பின்னால பூனை வந்தது. மனிசன் பிடித்துக் கட்டிப் பழக்கின மிருகம் இல்ல அது. கப்பல்களிலும் அப்படித்தான் ஏறியது. பாரசீகக் குடாக் கரையில சிராப் என்ற பழைய துறைமுகத்தில, எகிப்துப் பூனைகளின் மரபுக்கூறு கொண்ட பூனை எலும்பு கிடைத்திருக்கு. நம்மட கரைகளுக்கு வந்து போன கப்பல்கள் புறப்பட்ட துறைமுகங்களில சிராபும் ஒன்று.

நம்மட பக்கம் வந்த பூனைக்கு இடம் விஷயத்தில ஒரு குறையும் இருந்திருக்காது. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவுல மண் மேடு. பழைய வளவுகளில கடப்படியில இருந்து கிணற்றடி வரைக்கும் வெள்ளை மண்தான். பெண்கள் விடியக்காலையில விளக்குமாறால கோடு விழக் கூட்டுவாங்க. பூனை வேலியோரம், தென்னை மரத்தடி, வாழையடி என்று எங்கேயாவது போய் மூடிவிட்டு வரும். மழைக்காலத்தில அடுப்புச் சாம்பல் இருந்தது. பூனை எங்கே போகுது என்று யாருக்கும் யோசிக்கத் தேவை வரல்ல. மூத்தம்மாமாரிடம் கேட்டுப் பாருங்க, "பூனைக்குப் பெட்டியா?" என்று சிரிப்பாங்க. நியாயமான சிரிப்பு. அவங்களுக்கு முழு வளவுமே பெட்டிதான்.

முசல்லா விஷயத்தையும் இந்த இடத்திலயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம்மட ஊடுகளில கோபம் அங்கதான் தொடங்குது. அபூ கதாதா (ரலி) அவர்கள் வுழூ எடுக்க வைத்த தண்ணியை ஒரு பூனை குடிக்க வந்தபோது, பாத்திரத்தைச் சரித்துக் கொடுத்தார்கள் என்றும், பூனை அசுத்தம் இல்ல, நம்மைச் சுற்றித் திரியும் உயிர்களில ஒன்று என்ற நபிமொழியை எடுத்துச் சொன்னார்கள் என்றும் ஹதீஸ் கிதாபுகளில வருது. ஆனால் நாம பின்பற்றுகிற ஷாபிஈ மத்ஹபில பூனையின் மூத்திரம் நஜீஸ். ரெண்டும் சேர்ந்தேதான் நிற்குது. பூனை உள்ள வரலாம், அதன் மூத்திரம் உள்ள வரக்கூடாது. வளவு மண்ணாக இருந்த வரைக்கும் இந்த ரெண்டுக்கும் இடையில ஒரு சிக்கலும் வரல்ல.

அமெரிக்காவில சிக்கல் முந்தியே வந்திட்டு, குளிரால. மிச்சிகன் மாநிலத்தில கசோபொலிஸ் என்று ஒரு சின்ன ஊர். 1947 ஜனவரி. கேய் டிரேப்பர் என்ற பெண் தன்ட பூனைக்காக வைத்திருந்த மண் குவியல் பனியில உறைந்து கல்லாகிவிட்டது. சாம்பல் போட்டுப் பார்த்தா. ஊடு முழுக்கக் கறுப்புக் கால் அடையாளம். பக்கத்து ஊட்டு எட் லோவிடம் கொஞ்சம் மண் கேட்டா. எட் கடற்படையில இருந்து திரும்பி, வாப்பாவோட வியாபாரத்தில இருந்தவர். தொழிற்சாலைத் தரையில சிந்துகிற எண்ணெயை உறிஞ்சுகிற மரத்தூள், களிமண் எல்லாம் விற்கிற வியாபாரம். மண்ணுக்குப் பதிலாக அவர் ஒரு பை களிமண் மணிகளைக் கொடுத்தார். அந்த மண் நமக்குப் புதுசு இல்ல. முகத்துக்குப் பூசுகிற முல்தானி மிட்டி இருக்கே, அதே வகை.

கேய் திரும்பத் திரும்ப வந்து அதையே கேட்டா. எட் பத்துப் பைகளில ஐந்து இறாத்தல் வீதம் நிரப்பி, 'கிட்டி லிட்டர்' என்று கையால எழுதி, 65 சதம் விலை போட்டுக் கடைக்குக் கொண்டு போனார். மண் அள்ளுச் செலவுக்கே கிடைக்கும்போது யார் இதை வாங்குவார் என்று கடைக்காரர் கேட்க, அப்படியென்றால் சும்மா கொடுங்க என்று சொன்னாராம். சும்மா வாங்கினவங்க காசு கொடுத்து வாங்கத் திரும்பி வந்தாங்க. 1984ல ஹூஸ்டனில தோமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியலாளர், மூத்திரம் பட்டதும் கட்டியாகிற பெண்டனைட் களிமண்ணைக் கொண்டு வந்தார். கட்டியை மட்டும் கரண்டியால அள்ளி எறியலாம், மிச்ச மண் அப்படியே இருக்கும்.

எட் லோவைப் பூனையை ஊட்டுக்குள்ள கொண்டு வந்த மனிசன் என்று சொல்றாங்க. பாதிதான் சரி. தகரத்தில அடைத்த சாப்பாடும் கருத்தடைச் சத்திர சிகிச்சையும் இல்லாமல் லிட்டர் மட்டும் இதைச் செய்திருக்க ஏலாது. ஆனால் கதவை மூடினதும் ஒரு புதுப் பிரச்சினை உள்ள வந்தது. வெளியே நூறு இடம் பார்த்துத் தெரிவு செய்த மிருகத்துக்கு இப்ப ஒரே ஒரு இடம், அதுவும் மனிசன் தெரிவு செய்தது. பெட்டிக்கு வெளியே போற பூனைகளைப் பற்றி மிருக வைத்தியர்களும் நடத்தை ஆய்வாளர்களும் எழுதத் தொடங்கினாங்க. 1991ல பீட்டர் போர்ஷெல்ட் விதம் விதமான லிட்டர்களை வைத்துப் பார்த்தபோது, பூனைகள் கூடுதலாகப் போனது பொடி மணியாக, கட்டியாகிற வகைக்கு. அதாவது மண் மாதிரி இருக்கிறதுக்கு! ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில டோனி பஃபிங்டன், கிருமி ஒன்றும் இல்லாமலே மன அழுத்தத்தோட சேர்ந்து பூனைகளுக்கு மூத்திரப்பை அழற்சி வருவதைக் காட்டினார். புது ஊடு, புது ஆள், தளபாடத்தை மாற்றி வைத்தது போதும். பெட்டியில போகும்போது வலித்தால் பூனை பெட்டியைத்தான் குற்றம் சொல்லும். அடுத்த தரம் மெத்தைக்குப் போகும்.

கசோபொலிஸில பனி செய்ததை நம்மட கரையில சீமெந்து செய்தது. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது இலங்கையில கூடுதலான உயிரைக் கொடுத்தது அம்பாறை மாவட்டம்தான், பத்தாயிரத்துக்கும் மேல். அதுக்குப் பிறகு கிழக்குக் கரையில 200 மீற்றருக்குள்ள கட்டக்கூடாது என்றாங்க, பிறகு அந்தத் தூரம் குறைந்தது. கடலுக்கும் வயலுக்கும் நடுவுல ஏற்கெனவே நெருக்கமாக இருந்த ஊர்களில புதுக் காணி எங்கே கிடைக்கும்? கிறீன் பீல்ட் மாதிரி மாடி வீடுகள் எழும்பின. மற்ற இடங்களில ஒரு வளவு ரெண்டாகி நாலாகி, மதில் எழும்பி, மிச்சம் கிடந்த முற்றத்துக்கும் இன்டர்லொக் கல் பதித்தாச்சு. கூட்டுறதுக்கு லேசு, உண்மைதான். மூணாம் மாடியில இருக்கிற பூனைக்குக் கடல் தெரியும், மண் கிடைக்காது.

இந்த இடத்துக்குத்தான் நாம தத்தெடுக்கிற பூனை வருது. பெரும்பாலும் சந்தையில, பள்ளி மதிலோரத்தில, கடற்கரையில பிறந்த பூனை. அதன் காலுக்குத் தெரிஞ்சது மண் ஒன்றுதான். அதுக்கு முன்னால பூ வாசம் போட்ட, கரடுமுரடான மரக் கட்டி லிட்டரை, மூடி போட்ட சின்னப் பெட்டியில, வோஷிங் மெஷினுக்குப் பக்கத்தில வைத்தால் அது முசல்லாவைத் தேடாமல் என்ன செய்யும்? துணி மெதுவாக இருக்கு, காலால கிளறவும் ஏலும்.

2022ல டொலர் 200 ரூபாயில இருந்து 360க்கு ஏறினபோது இறக்குமதி லிட்டர் வாங்கினவங்க திண்டாடினாங்க. நல்லதுக்குத்தான் என்று எனக்குப் படுது. பலர் பழைய மண்ணுக்கே திரும்பினாங்க. அகலமான பிளாஸ்டிக் பேசின், பூனையின் நீளத்தை விட ஒன்றரை மடங்கு. சல்லடையால சலித்துக் காயவைத்த மண், நாலு விரல் உயரத்துக்கு. மண் கட்டியாகாது, அதனால ஒவ்வொரு நாளும் நனைந்ததை அள்ளி, கிழமைக்கு ஒரு தரமாவது முழுதாக மாற்ற வேண்டும். கடை லிட்டருக்கு மாற்ற விருப்பம் என்றால் மண்ணோட கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ரெண்டு மூணு கிழமை எடுங்க. ஒரு பூனைக்கு ரெண்டு பேசின், ரெண்டு பூனைக்கு மூணு, வேற வேற இடத்தில. சாப்பாட்டுத் தட்டுக்குக் கிட்ட வேண்டாம். புதுசாக வந்த பூனையை முதல் சில நாள் ஒரு அறையில மட்டும் வைத்தால் பேசின் எங்கே என்பது அதுக்குப் பிடிபடும்.

முசல்லாவையும் மெத்தையையும் என்சைம் கலந்த சலவைத் தூளால கழுவுங்க. பழைய வாடை மிஞ்சினால் பூனை அதே இடத்துக்குத்தான் வரும். பினாயில் வேண்டாம். அதில இருக்கிற பீனோலை உடைக்கப் பூனையின் ஈரலுக்கு ஏலாது. காலில பட்டதை நக்கினால் நஞ்சாகும். மூக்கைப் பிடித்து மூத்திரத்தில தேய்க்கிற வைத்தியத்தையும் விடுங்க. அதுல பூனை படிக்கிற ஒரே பாடம் உங்களுக்குப் பயப்படுறது.

ஒன்றில மட்டும் தாமதிக்க வேண்டாம். கடுவன் பூனை பேசினில திரும்பத் திரும்பப் போய்க் குந்தி, முக்கி, ஒரு சொட்டும் வராமல் கத்தினால் அது பழக்கப் பிரச்சினை இல்ல. மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம். ஒண்டு ரெண்டு நாளில உயிர் போகும். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்க, உரப்பையில என்றாலும் பரவாயில்ல.