உண்டிவில் ரப்பர் ஏன் இத்துப் போகுது?

பரண்ல கிடந்த என் பழைய உண்டிவில்லைப் பேரனுக்காக எடுத்தேன். புளியங்கவட்டை அப்படியே இருக்கு. ரப்பர்தான் வெடிச்சிருந்தது, இழுத்ததும் அறுந்து என் கண்ணோரம் அடிச்சது.

தாத்தா சோளக்காட்டுல கிளி விரட்டினது கயிற்றுக் கவண்ல. உண்டிவில் அதுக்கப்புறம் வந்தது. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்து சூடாக்கினா ரப்பர் உறுதியாகும்னு கண்டுபிடிச்சார். அதுக்குப் பிறகே இழுவைக்குத் தாங்கும் ரப்பர் கிடைத்தது.

ஆனாலும் அது சாகாவரம் இல்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை மெல்ல அறுக்கும். பரண் சூடும் வெயிலும் எண்ணெயும் அதை விரைவுபடுத்தும். இழுத்துக் கட்டி வெச்சா வெடிப்பு இன்னும் சீக்கிரம் விழும்.

பழைய கவட்டைக்குப் புது ரப்பர் கட்டித்தான் பேரன் கையில கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்க.