புயலும் கட்சியும்

புயலும் வெக்கையும் கட்சிச் சண்டையும் நமக்குப் புதியவையல்ல. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு மாநகருக்கும் அப்படியே. 2005 ஆகஸ்டு 29-இல் கத்ரீனா புயலில் வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, நகரின் ஐந்தில் நான்கு பங்கு மூழ்கியது. ஆயிரக்கணக்கானோர் விளையாட்டரங்கில் புழுங்கித் தவித்த வேளையில், படைகளுக்குத் தலைமை யாருக்கு என்பதில் குடியரசுக் கட்சி ஜனாதிபதி புஷ்ஷும் ஜனநாயகக் கட்சி ஆளுநர் பிளாங்கோவும் முரண்பட்டு நின்றனர். (அங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்.) இரு தரப்பும் தவறியதாகவே நாம் எண்ணுகிறோம்.

1975 முதல் வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்து நகரின் கிழக்கே குடியேறிய கத்தோலிக்கரோ நெடுநாள் காத்திருக்கவில்லை. அக்டோபரிலேயே திரும்பி, தம் ஆலயத்தில் திருப்பலி கண்டனர். மின் இணைப்புக்காக வீடு திரும்பியோரின் பெயர்ப்பட்டியலைத் திரட்டிக் கொடுத்தவர் அவர்களுடைய பங்குத் தந்தை. பங்குச் சாமியாருக்கு எங்கும் இதே வேலைதான் போலும்!