கடல் கடந்த பாம்புப் பெயர்கள்

உலு திராம் என்னும் ஊர்ப்பெயர் இரண்டு மலாய்ச் சொற்களால் ஆயது. உலு என்பது ஆற்றின் மேற்பகுதி. திராம் என்பது சிப்பி. திராம் ஆற்றின் மேற்புறத்து ஊர் என்பது அதன் பொருள். ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குச் செல்லும் சாலையில் அமைந்த இவ்வூரைச் சூழ முதலில் பால்மரங்களும் பின்னர்ச் செம்பனையும் நின்றன. இன்று தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகள் அந்நிலத்தை நிரப்பி வருகின்றன. காடு தோட்டமாகித் தோட்டம் ஊரானபோது மரங்கள் மாறின, மக்கள் மாறினர், பாம்புகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

நம் முன்னோர் இத்தோட்டங்களுக்கு வந்தபோது தம்முடன் கொணர்ந்தவற்றுள் பாம்புகளின் பெயர்களும் இருந்தன. அப்பெயர்களுக்குரிய பாம்புகள் எல்லாம் இங்கே இல்லை. இங்கே இருந்த பாம்புகளுக்கெல்லாம் அவர்களிடம் பெயர் இல்லை. மொழிக்கும் நிலத்திற்கும் இடையே நேர்ந்த இப்பொருத்தமின்மையையே இவ்வுரையில் நாம் ஆராயப் புகுகிறோம். இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. நஞ்சுக்குரிய மருந்து பாம்பின் இனத்தைப் பொறுத்தே அமைவதால், பெயர் பிழைபட்டால் உயிரும் பிழைபடலாம்.

தமிழகச் சமவெளி உழவர் அஞ்சி அறிந்த நச்சுப் பாம்புகள் நான்கு: நல்ல பாம்பு எனப்படும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இன்றைய மருத்துவரும் இந்தியாவில் மிகுதியான சாவுகளுக்குக் காரணமாக இந்நான்கையே கூறுகின்றனர். மருத்துவ நூல் தோன்றுமுன்பே வயல்வரப்பில் நடந்தவன் அப்பட்டியலைச் சரியாக வகுத்து வைத்திருந்தான் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. கொல்ல வல்லதை 'நல்லது' என்று வழங்கியது மங்கல வழக்கின்பாற்படும். ஆயினும் இப்பெயரீட்டில் ஒரு குழப்பமும் உண்டு. கட்டுவிரியன் உண்மையில் விரியன் இனத்தது அன்று. அது நாகத்தின் உறவு. அதன் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்துவது. விரியன்களின் நஞ்சோ குருதியைக் கெடுப்பது. உடலின் வரிகளைக் கண்டு பெயரிட்டோர் அவற்றை ஒரே சொல்லுள் அடக்கிவிட்டனர்.

இப்பெயர்களை நூலில் முதன்முதலாக மதித்துப் பதிந்த ஐரோப்பியர்களுள் ஒருவர் பாட்ரிக் ரஸ்ஸல். கிழக்கிந்தியக் கும்பினியின் இயற்கை ஆய்வாளராக விசாகப்பட்டினத்தில் பணியாற்றிய அவர், 1796-இல் வெளியிட்ட இந்தியப் பாம்புகள் பற்றிய பெருநூலில் ஊரார் வழங்கிய பெயர்களையும் எழுதிவைத்தார். கண்ணாடி விரியனை ஆங்கிலத்தார் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கின்றனர். தெலுங்கர் பொன்னைக் குறிக்க வழங்கும் பங்காரு என்னும் சொல்லடியாகப் பிறந்த ஒரு பாம்புப்பெயரும் அந்நூலில் இடம்பெற்றது. சில ஆண்டுகளுள் அது 'பங்காரஸ்' எனக் கட்டுவிரியன் பேரினத்தின் அறிவியற் பெயராயிற்று. திராவிடச் சொல்லொன்று இவ்வாறு உலக விலங்கியலில் நிலைபெற்றதை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைக்கலாம்.

உடலுழைப்புத் தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதை இந்திய அரசு 1938-இல் தடுக்கும் வரை, பல்லாயிரம் தமிழர் இப்பெயர்களோடு கப்பலேறினர். மலாயாத் தீபகற்பத்தில் கண்ணாடி விரியன் இல்லை. சுருட்டை விரியனும் இல்லை. தமிழர் அஞ்சிய நான்கனுள் இரண்டு கடலுக்கு அப்பாலேயே நின்றுவிட்டன. அவ்விடத்தை நிரப்பியவையோ அவர்கள் கண்டறியாதவை. மஞ்சளும் கருப்புமாகப் பட்டை தீட்டியது போன்ற கட்டுவிரியன் ஒன்று இங்குண்டு. மலாய்க்காரர் அதனைக் கரும்பின் பெயரால் 'காத்தாம் தெபு' என்பர். கரும்புக் கணுக்களை அடுக்கியது போன்ற அதன் தோற்றத்திற்கு இதனினும் பொருத்தமான உவமை அரிது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலன்றித் தமிழகச் சமவெளியில் காணவியலாத இராஜநாகமும் இங்குண்டு. 1937-இல் போர்ட் டிக்சன் அருகே பிடிபட்ட ஒன்று இலண்டன் விலங்கியற் பூங்காவில் ஐந்தரை மீட்டருக்கு மேல் வளர்ந்து, உலகில் அளக்கப்பட்டவற்றுள் மிக நீண்டது எனப் பெயர்பெற்றது. 1939-இல் போர் மூண்டபோது, குண்டுவீச்சில் தப்பிவிடக்கூடும் என்று அஞ்சி அதனைக் கொன்றனர். தஞ்சையிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்த தொழிலாளி ஒருவர் இத்தகைய பாம்பைப் பால்மரக் காட்டில் எதிர்கொண்டபோது, நாகம் என்று தாம் அறிந்ததைப் பன்மடங்கு பெருக்கியே எண்ணிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

பெயர் மிகுந்த தீங்கு விளைவிக்கக்கூடிய இடம் பச்சைப் பாம்பு. தமிழகத்தில் பச்சைப் பாம்பு எனில் கொடிபோல் மெலிந்து மரத்தில் தொங்கும் ஒன்றே பெரும்பாலும் நினைவுக்கு வரும். அதனைக் கண்கொத்திப் பாம்பு என்றும் கூறுவர். அது கண்ணைக் கொத்தும் என்பது கட்டுக்கதை. அதன் நஞ்சு மனிதரை ஒன்றும் செய்வதில்லை என்றே கூறலாம். அச்சமூட்டும் கதையைத் தள்ளிவிட்டால் எஞ்சுவது தீங்கற்ற ஒரு பாம்பு. ஜொகூரிலோ பச்சை நிறத்தில் மரக்கிளையில் அசையாது கிடப்பது குழிவிரியனாகவும் இருக்கலாம். பினாங்கு பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் காணப்படும் இனம் அவற்றுள் ஒன்று. முக்கோணத் தலையும் தடித்த உடலும் உடையது. கடித்தால் கடும் வலியும் வீக்கமும் தருவது. 'பச்சைப் பாம்புதானே' என்னும் தமிழ்ச்சொல்லின் ஆறுதல் இங்கே செல்லாது.

விந்தை யாதெனில், கண்ணைத் தாக்கும் பாம்பு உண்மையிலேயே இங்கே உண்டு. அது பச்சையன்று, கருநிற நாகம். தென்மலாயாவில் வாழும் நாகம் பெரும்பாலும் படத்தில் கண்ணாடிக் குறி இல்லாதது, முழுவதும் கருத்தது. அதன் நச்சுப்பல்லின் துளை முன்னோக்கி அமைந்திருப்பதால், தசையை அழுத்தி நஞ்சைப் பீய்ச்ச அதனால் இயலும். எதிரியின் முகத்தையே குறிவைக்கும். நஞ்சு கண்ணிற் பட்டால் எரிச்சல் தாங்கவொண்ணாதது. தூய நீரால் நெடுநேரம் கழுவி உடனே மருத்துவரை நாடாவிடின் பார்வை கெடலாம். சமவெளித் தமிழன் படத்தில் குறியைத் தேடிப் பழகியவன். குறியில்லாததை 'நல்ல பாம்பு அன்று' என எண்ணி அணுகியிருந்தால் அது அவன் கண்ணின் பிழையன்று, அவன் சொல்லின் பிழை. மலாய்க்காரர் நாகத்தைச் 'செண்டோக்' என்பர்; அகப்பை என்று பொருள். படத்தின் வடிவைக் கண்டு வைத்த பெயர் அது. குறி இருந்தாலும் இல்லாவிடினும் பொருந்தும்.

தமிழரை மட்டும் இதில் குறைகூறுதல் தகாது. அறிவியலும் நெடுங்காலம் இதே வழியில்தான் சென்றது. நாகம் என்னும் நம் நாட்டுச் சொல்லையே அடியாகக் கொண்டு 'நாஜா' எனப் பேரினப் பெயர் வைத்த ஐரோப்பியர், இந்தியாவிலிருந்து இந்தோனேசியா வரை காணப்பட்ட நாகங்களை எல்லாம் 'நாஜா நாஜா' என்னும் ஒரே இனமாகவும் அதன் கிளைகளாகவும் கருதினர். 1980களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டிலுமே அவை பல தனி இனங்கள் என ஆய்வாளர் பிரித்துக் காட்டினர். நம் தென்மலாய் நாகம் 'நாஜா சுமத்ரானா' எனத் தனிப்பெயர் பெற்றது. தோட்டத்துத் தமிழர் நாகம் என்று ஒரு சொல்லால் அழைத்ததும் பல்கலைக்கழகத்தார் ஒரு பெயரால் எழுதியதும் ஏறத்தாழ ஒரே தவறு.

இத்தவற்றின் விலை மருந்தின் வரலாற்றில் தெளிவாகப் புலப்படுகிறது. சைகோனில் நாக நஞ்சை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெத், 1890களின் நடுவில் நச்சுமுறி மருந்தைச் செய்து வெளியிட்டார். விலங்கின் உடலில் நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் குருதியில் எதிர்ப்பு தோன்றியபின் அக்குருதியின் தெளிநீரை எடுப்பது அம்முறை. ஒரு பாம்பின் நஞ்சால் செய்தது எல்லாப் பாம்புகளுக்கும் பயன்படும் என அவர் நம்பினார். ஆஸ்திரேலியாவில் சார்ல்ஸ் மார்ட்டினும் இந்தியாவில் ஜார்ஜ் லாம்பும் அந்நம்பிக்கையைச் சோதனையால் உடைத்தனர். நாகத்திற்குரிய மருந்து விரியன் கடிக்கு உதவாது. பின்னர் இந்தியாவில் மேற்சொன்ன நான்கு பாம்புகளுக்கும் கூட்டு மருந்து ஆக்கப்பட்டது. இன்றும் அதற்கான நஞ்சில் பெரும்பகுதியைத் தருவது, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர்கள் 1978-இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமே. பாம்பைத் தோலுக்காகக் கொன்ற தொழிலை விட்டு, நஞ்சைக் கறந்து உயிருடன் விடும் தொழிலுக்கு மாறிய அச்சமூகத்தின் வரலாறு தனி உரைக்குரியது.

ஆனால் அம்மருந்து ஜொகூர்ப் பாம்புகளுக்காக ஆக்கப்பட்டதன்று. தாயகத்து மருந்தாயிற்றே என்று அதனை இங்கே நம்பினால் அஃது ஆளில்லாத வீட்டுக்கு எழுதிய கடிதம். மலேசிய மருத்துவமனைகள் பயன்படுத்துவன பெரும்பாலும் பேங்காக்கில் தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சாவோவபா நிலையம் ஆக்குபவை. அந்நிலையத்தின் பாம்புப் பண்ணை 1923-இல் திறக்கப்பட்டது. நாகத்திற்கு ஒன்று, இராஜநாகத்திற்கு வேறொன்று, குழிவிரியன்களுக்கு வேறு எனத் தனித்தனியாக அவை வருவதால், கடித்தது எது என்னும் வினா மருத்துவர் முன் முதல் வினாவாக நிற்கிறது.

பழைய தோட்டங்களில் இவ்வினாவை எதிர்கொண்டவர் டிரெசர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டும் காய்ச்சலுக்குக் கொய்னாவும் தந்த அவர்முன் மலேரியாவால் வந்தோர் கூட்டத்தோடு ஒப்பிட்டால் பாம்புக்கடிபட்டோர் மிகச் சிலரே. மலாயாத் தோட்டங்களைப் பிணக்காடாக்கியது பாம்பன்று, கொசு. இதனை நாம் அழுத்திக் கூறவேண்டும். கதைகளில் பாம்பு பெறும் இடம் வரலாற்றில் அதற்கு இல்லை.

எனினும் பாம்புக்கடியை முறையாக எண்ணிப் பார்த்தவர் ஒருவர் வந்தார். 1952 முதல் பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய அலிஸ்டர் ரீட் என்னும் மருத்துவர், கடிபட்டோர் கொணர்ந்த பாம்பையே சான்றாகக் கொண்டு இனத்தை உறுதிசெய்து நோயின் போக்கைக் குறித்துவைத்தார். வடமாநிலங்களின் ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலையில் வெறுங்காலோடு பால்வெட்டச் சென்றோரைக் கடித்தது மலாயாக் குழிவிரியன். மலாயில் அதற்கு 'காப்பாக் போடோ' என்று பெயர். கோடரி என்பதும் அறிவிலி என்பதும் அதன் இரு சொற்கள். மிதித்தாலும் ஓடாது, கடித்தபின்னும் அங்கேயே கிடக்கும் அதன் இயல்பே பெயருக்குக் காரணம் போலும். கடிபட்டோரில் கணிசமானோர்க்கு நஞ்சேறுவதே இல்லை என அவர் கண்டது அந்நாளில் பெருஞ்செய்தி. மந்திரித்தவர், வேரை அரைத்துக் கட்டியவர் எல்லாரும் வெற்றி கண்டது எவ்வாறு என்பதற்கு இதுவே விடை. நஞ்சேறியோர் குருதி உறையாது போவதைக் கூர்ந்து நோக்கியதிலிருந்து, குருதி உறைவைத் தடுக்கும் மருந்தொன்றும் பிறந்தது.

அக்குழிவிரியன் வடக்கில்தான் மிகுதி. ஆகையால் கெடாவின் தோட்டத்தில் பெற்ற அனுபவமும் உலு திராமுக்கு அப்படியே பொருந்தாது. ஒரே நாட்டின் இரு முனைகளிலும் பாம்பறிவு வேறுபடுகிறது. இங்கே நாம் நாகத்தையே முதலில் எண்ணவேண்டும். பால்மரம் செம்பனையானபோது உதிர்ந்த பழங்களால் எலி பெருகியது. எலியைத் தொடர்ந்து நாகம் பெருகியது. செம்பனை வெட்டுண்டு வீடுகள் எழும்போது, எலியும் நாகமும் கால்வாய் வழியே சமையற்கட்டுக்கு வருகின்றன.

பாம்பல்லாதவற்றைச் சுருங்கக் கூறுவோம். தமிழகத்தில் கொல்ல வல்லது சிறிய செந்தேள்; அதன் அறிவியற் பெயரின் பிற்பகுதியே 'தமுலஸ்', அதாவது தமிழ்நாட்டது. இங்குள்ள பெரிய கருந்தேளின் கொட்டு வலிக்கும், பொதுவாகக் கொல்லாது. உருவம் பெரிதாயின் நஞ்சும் பெரிதென்று கொள்வது தவறு. சார்லி எறும்பு என்று இங்கு வழங்குவது எறும்பன்று, சிறு வண்டு, அது கொட்டுவதில்லை, நசுக்கினால் அதன் உடல்நீர் தோலை வேகவைக்கிறது. கொட்டிச் செலுத்தும் நஞ்சு வேறு, தொட்டாலும் உண்டாலும் தீங்கு செய்யும் நஞ்சு வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பது வகுப்பறையில் இடர் தருகிறது. ஜொகூரிலேயே 2023-இல் பேத்தை மீனை உண்ட முதிய தம்பதியர் உயிரிழந்தனர். அம்மீன் யாரையும் கொட்டவில்லை.

மலேசியச் சுகாதார அமைச்சு 2017-இல் பாம்புக்கடிச் சிகிச்சைக்கான வழிகாட்டியை வெளியிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் சேர்த்ததும் அவ்வாண்டே. கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியவை கூடா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் விரைந்து மருத்துவமனை சேர்தல் வேண்டும் என்பது இன்றைய மருத்துவத்தின் முடிபு. பாம்பை அடித்துக் கொணரவும் வேண்டா. தொலைவில் நின்று கைப்பேசியில் எடுத்த படம் போதும். ரீட் காலத்தில் பாம்பின் உடல் செய்த பணியை இன்று படம் செய்கிறது. பெயர் தெரியாதபோது தவறான பெயரைச் சொல்லாமல், நிறத்தையும் பருமனையும் படம் விரித்ததா என்பதையும் சொல்லுமாறு மாணவரைப் பழக்குதல் நலம்.

இராஜநாகம் ஒரே இனம் என்ற எண்ணமும் 2024-இல் முடிவுற்றது. ஆய்வாளர் அதனை நான்கு இனங்களாகப் பிரித்தனர். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வது ஓர் இனம். ஜொகூர் உள்ளிட்ட தீபகற்பத்திலும் சுமத்ரா, போர்னியோ முதலிய தீவுகளிலும் வாழ்வது மற்றோர் இனம். இவ்விரண்டாவதற்கு அவர்கள் மீட்டெடுத்த பழைய பெயர் 'பங்காரஸ்': ரஸ்ஸல் விசாகப்பட்டினத்தில் செவியுற்றெழுதிய அதே பொன்னின் சொல். தமிழில் இவ்விரண்டுக்கும் இன்னமும் இராஜநாகம் என்ற ஒரே பெயரையே வழங்கி வருகிறோம்.