சாக்லேட் தாள், போட்டோ பிலிம், ஒரு பொய் மீன்

போன வருஷம் முதல் தடவையா நானே ஒரு லூர் செஞ்சேன். லூர்னா, புழு, இறால்னு இரை எதுவும் குத்தாம, தூண்டில்ல மாட்டுற பொய் மீன். பால்சா கட்டையைச் சீவி, மூணு நாள் உட்கார்ந்து செதில் செதிலா பெயின்ட் அடிச்சேன். பார்க்க அவ்வளவு அழகு! ராத்திரி ஒரு பக்கெட் தண்ணியில போட்டுட்டுத் தூங்கிட்டேன். காலையில பார்த்தா கட்டை உப்பி, பெயின்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பிக் கிடக்கு.

அந்தக் கடுப்புலதான், முன்னாடி இதைச் செஞ்சவங்க என்ன பண்ணாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். இன்னைக்கு எபிசோட் அதுல கிடைச்ச ஒருத்தரைப் பத்தி. பேரு லௌரி ரபாலா. ஊரு பின்லாந்து. 1905-ல பிறந்தவர்.

1930-கள். உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். லௌரிக்கு மீன்பிடிதான் பிழைப்பு. மீன் கிடைக்கலைன்னா மரம் வெட்டுற வேலை, கூலி வேலை. பையான்னே ஏரியில படகை வலிச்சுக்கிட்டுப் போய், நிறைய தூண்டில் போடணும். ஒவ்வொண்ணுலயும் இரை குத்தணும். அந்த இரையையும் அவரேதான் பிடிக்கணும். பாதி நாள் அதுலயே போயிடும். திரும்பத் திரும்ப உபயோகிக்கிற மாதிரி ஒரு பொய் இரை கிடைச்சா, அந்த நேரம் அவர் கைக்கு வரும்.

தண்ணிக்குள்ள அவர் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். பெரிய மீன் வேட்டையாடும்போது, சின்ன மீன் கூட்டத்துல காயம்பட்டுத் தள்ளாடி நீந்துற ஒண்ணைத்தான் குறி வைக்குது. அப்போ தனக்கு வேண்டியது அழகான மீன் இல்ல, தள்ளாடுற மீன்னு அவருக்குப் புரிஞ்சது.

1936-ல செருப்பு தைக்கிறவங்க வச்சிருக்கிற மாதிரி ஒரு கத்தியும், உப்புத்தாளும் வச்சு, கார்க்குல ஒரு குட்டி மீனைச் செதுக்கினார். சரி, மினுமினுப்புக்கு என்ன பண்ண? சாக்லேட் சுத்தி வர்ற வெள்ளித்தாளை எடுத்து ஒட்டினார். மேல பூச லாக்கர் வாங்கக் காசு இல்ல. பழைய போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசினார்.

இந்த இடத்துல எனக்குள்ள இருந்த இன்ஜினியர் முழிச்சுக்கிட்டான். அந்தக் காலத்து பிலிம் செல்லுலோஸ்ல இருந்து வந்த பிளாஸ்டிக். அதே காலத்துல கார்களுக்கு அடிச்ச லாக்கரும் நைட்ரோசெல்லுலோஸ்தான். அதாவது கடையில வாங்க முடியாத பொருளுக்கு ரொம்ப நெருங்கின சொந்தக்காரனைக் குப்பையில இருந்தே எடுத்திருக்கார்! (நீங்க தயவுசெஞ்சு பழைய பிலிமை உருக்காதீங்க. நைட்ரேட் பிலிம் குப்புனு தீப்பிடிக்கும்.) இன்னைக்கு நம்ம வீட்டுல இருக்கிற நிறைய நெயில் பாலிஷ்லயும் அதே நைட்ரோசெல்லுலோஸ்தான் இருக்கு.

அவர்கிட்ட இருந்த காசுக்கு ரெண்டே ரெண்டு விஷயம்தான் செய்ய முடிஞ்சது. தண்ணி உள்ள போகாம ஒரு பூச்சு, திரும்பும்போது பளிச்சுனு அடிக்கிற ஒரு மினுக்கு. மீனுக்கு அதுவே போதுமா இருந்தது. நான் மூணு நாள் வரைஞ்ச செதில் யாருக்காக? எனக்காக, இன்னும் சொல்லப்போனா போட்டோவுக்காக.

அப்புறம் கார்க் போய் பால்சா வந்தது. குடும்பமே சேர்ந்து செய்ய ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு லூரையும் தண்ணியில ஓட்டிப் பார்த்து, கோணலா நீந்தினா சரி பண்ணித்தான் வெளிய விட்டாங்க. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸுக்கு வந்தவங்க மூலமா லூர் வெளிநாட்டுக்கும் போச்சு. 1962 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட 'லைஃப்' பத்திரிகை அதைப் பத்தி ஒரு கட்டுரை போட்டது. அதே இதழோட அட்டையில, அந்த மாசம்தான் இறந்துபோன மர்லின் மன்றோ. அதனால இதழ் பயங்கரமா வித்தது. லூருக்கு வந்த ஆர்டர் சுமார் 30 லட்சம்னு கம்பெனி வரலாறு சொல்லுது. கையால செஞ்சுக்கிட்டு இருந்த ஒரு குடும்பத்துக்கு 30 லட்சம்! தொழிற்சாலையைப் பெருசாக்காம வேற வழியே இல்ல. லௌரி 1974-ல காலமானார்.

இப்போ, முதல் லூருக்குப் பெயின்ட் அடிக்கப் போறவங்களுக்கு நான் கத்துக்கிட்ட வரிசை. முதல்ல உப்புத்தாள், அடுத்து மரத்துக்கு சீலர். இதை நான் விட்டதாலதான் கட்டை உப்பிப்போச்சு. நல்லா காயட்டும். அப்புறம் முழுசா ஒரு வெள்ளைப் பூச்சு. வயிறு அப்படியே வெள்ளையா இருக்கட்டும், பக்கவாட்டுல வெள்ளித்தாள், முதுகுல கருப்பு. நிறைய மீனுங்க இயற்கையிலயே முதுகு இருட்டா, வயிறு வெளுப்பாதான் இருக்கும். சிவப்புக்கு ரொம்ப மெனக்கெடாதீங்க, ஆழத்துல முதல்ல மங்குறது அதுதான். கடைசியா கண்ணு, அதுக்கு மேல கிளியர் கோட், மெல்லிசா ரெண்டு மூணு தடவை. ஒரு பக்கம் மட்டும் தடிப்பா வழிஞ்சா எடை சாய்ஞ்சு கோணலா நீந்தும். அதனால காயுற வரைக்கும் திருப்பிக்கிட்டே இருங்க.

என்னோட ரெண்டாவது லூர்ல ஒரு செதில் கூட வரையல. ராத்திரி முழுக்க பக்கெட்ல கிடந்துச்சு. காலையில அப்படியே இருந்தது.

உங்க முதல் லூர் எப்படிச் சொதப்புச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.