வெக்கை நோயும் மலைக்காட்டு விலங்குகளும்



வரலாறு என்றவுடன் மன்னரும் போர்க்களமுமே நம் நினைவுக்கு வருகின்றன. கண்ணுக்குப் புலனாகாத ஒரு வைரஸ் கிருமியின் வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

எங்கள் இராஜாக்கமங்கலத்தைச் சூழ்ந்த நாஞ்சில் நாட்டில் முன்னாளில் ஏரும் மாடுமே உழவனின் செல்வம். அச்செல்வத்தைச் சூறையாடிய கொள்ளைநோய் வெக்கை. கடுங்காய்ச்சல், வாய்ப்புண், ஓயாத கழிச்சல், சின்னாட்களில் சாவு என்பது அதன் போக்கு. இக்கிருமி மனிதரைத் தாக்கும் தட்டம்மைக் கிருமிக்கு நெருங்கிய உறவு.

வெக்கை தொழுவத்தோடு நிற்கவில்லை. மேய்ச்சலுக்குச் சென்ற மாடுகளும் காட்டு விலங்குகளும் ஒரே நீர்நிலையை நாடியபோது மலைக்காட்டிலும் புகுந்தது. 1968-இல் அந்நாளைய சென்னை மாநிலத்து முதுமலையிலும், அதனை அடுத்த பந்திப்பூரிலும் காட்டெருமைகள் பெருந்திரளாக மடிந்தன. சங்கப் புலவர் 'ஆமா' என்று குறித்த வீறுமிக்க விலங்கு இதுவே.

"காட்டெருமைக்கு ஊசி போடுவது யார், ஐயா?" என்று வகுப்பில் மாணவர் என்னைக் கேட்பதுண்டு. நல்ல வினா! யாரும் போட வேண்டியதில்லை என்பதே விடை. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியைச் சூழ்ந்த ஊர்களில் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும், 1960-களின் தொடக்கத்தில் அங்குள்ள காட்டு விலங்குகளிடமிருந்தும் நோய் அகன்றது. நோயின் ஊற்று காடன்று, தொழுவமே என்பது தெளிவாயிற்று.

நம் நாட்டின் பங்கும் சிறிதன்று. இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட்ஸ் என்பார் 1920-களில் கிருமியை வெள்ளாடுகளில் மாறிமாறிச் செலுத்தி, அதன் வீரியத்தைத் தணித்துத் தடுப்பு மருந்தாக்கினார். 1954-இல் நாடுதழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. 1995-க்குப் பின் இந்தியாவில் வெக்கை தோன்றவில்லை. 2011-இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதன் ஒழித்த நோய் இது ஒன்றே.

ஆயினும் அதன் உறவினன் ஒருவன் எஞ்சியுள்ளான். ஆட்டுக்கொல்லி நோய் எனப்படும் அது இந்தியாவில் முதன்முதல் அறியப்பட்டது 1987-இல், நம் தமிழ்நாட்டின் அரசூர்க் கிராமத்துச் செம்மறியாடுகளிடம். 2016-17-இல் மங்கோலியாவில் அது வீட்டு ஆடுகளிடமிருந்து பரவி, ஆயிரக்கணக்கான சைகா மான்களையும் மலையாடுகளையும் மாய்த்தது.

நம் மாவட்டத்தின் வடக்கே உயர்ந்து நிற்கும் அசம்பு மலைகளிலும் வரையாடு வாழ்கிறது. அது நம் மாநில விலங்கு, எண்ணிக்கையிற் குறைந்தது. பாறை முகட்டில் ஏறி அதற்கு மருந்து செலுத்த எவராலும் இயலாது. ஆனால் அடிவாரத்து ஆடுகளுக்குக் காலந்தவறாமல் தடுப்பூசி போட இயலும். வெக்கையின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.